பேருந்து நிறுத்தக் காட்சி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் இருமலும் சுகம். என்னைவிட இருமல் நல்ல திடகாத்திரமாக இருக்கிறது. உன் முட்டிவலி எப்படி? மருந்துக்கடைக்காரர் கொடுத்த தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காதே, டாக்டரிடம் காட்டு.

'போன்ல பேசினா பாதியில உங்க அத்தான் பிடுங்கிக்கிறாரு, டிப்போ விலாசத்துக்கு லெட்டர் போடு' என்று நீ சொன்னதால் இந்தக் கடிதம். கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் பொறுத்துக்கொள். பேனா பிடித்துப் பல வருஷமாகிறது.

புது வேலையைப் பற்றிக் கேட்டாயே. பார்வையற்றவர்களுக்கான நூலகத்தில் பழைய சினிமாப் படங்களுக்கு வர்ணனை எழுதுகிறேன். வசனம் இல்லாத இடங்களில், திரையில் என்ன நடக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் சொல்ல வேண்டியதை எழுதுவது நான். 'கதவைத் திறக்கிறான். உள்ளே யாரும் இல்லை.' இவ்வளவுதான். சட்டம் ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். 'காதலோடு பார்க்கிறான்' என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். 'பார்க்கிறான்' என்றுதான் இருக்க வேண்டும். காதலா கடுப்பா என்பது கேட்கிறவர் பாடு.

நாம் நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டு பார்த்த பங்களாப் பேய் படம் ஞாபகமிருக்கிறதா? அந்தப் பேய் ரப்பர் செருப்பு போட்டிருக்கிறது அக்கா! இதற்கா ஒரு வாரம் தனியாகக் குளிக்கப் போகாமல் இருந்தோம்? காலேஜ் மாணவனாக வரும் கதாநாயகருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். புத்தகத்தைத் தூக்கவே மூச்சு வாங்குகிறார். ஆனால் 'அழுகாச்சிப் படம்' என்று நாம் தூங்கி வழிந்தோமே, செருப்புத் தொழிற்சாலை அப்பா கதை, அதை எழுதும்போது இரண்டு தடவை நிறுத்திவிட்டு முகம் கழுவ வேண்டியிருந்தது. அந்த வயதில் எதைப் பார்த்துச் சிரித்தோம், எதைப் பார்த்து அழுதோம் என்றே இப்போது புரியவில்லை.

அடுத்து என்ன படம் தெரியுமா? நம்ம டாக்ஸிப் படம்! பட்டியலில் பார்த்ததும் குதித்துவிட்டேன். டாக்ஸிக்காரன் தட்டச்சுக்காரப் பெண்ணை நிறுத்தம் நிறுத்தமாகத் துரத்துவானே. உனக்குப் பிடித்த காட்சி எது என்று எழுது. அதை இன்னும் கவனமாக எழுதுகிறேன்.

அத்தானுக்கும் உன் மகள் வாலுவுக்கும் என் விசாரிப்பு.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. எல்லோரும் இருக்கிறோம். முட்டி, மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் பெயரைச் சொல்கிறது. நீ முதலில் இருமலுக்கு வெந்நீர் குடி.

நான் டிப்போவில் அதே தொலைந்த பொருள் பிரிவில்தான். பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போனதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாரம் குடை பதினொன்று, சாப்பாட்டு டப்பா நாலு, ஒற்றைச் செருப்பு ஒன்று, பல்செட் ஒன்று. பல்செட்டைத் தேடி யாரும் வரவில்லை. வந்தாலும் எப்படிக் கேட்பாரோ.

இங்கே ஒரு விஷயம். வாலு வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதே கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் வேலை செய்யும் ஒருவன் ஏழு மாதமாகத் தினமும் சாயந்திரம் லிஃப்ட் வாசலில் இவளுக்காக நிற்கிறானாம். லீவு நாளிலும் வந்து நிற்கிறானாம். நல்ல வேலை, நல்ல குடும்பம். இப்போது அவன் அப்பா நேராக உன் அத்தானுடைய டிரைவிங் ஸ்கூலுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும்.

உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. 'என்னை மாதிரியே நிக்கிறான்டி' என்று கார் பழக வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வாலு என்ன சொல்கிறாள் என்று கேட்பாய். ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை எடுத்தால் சிரிக்கிறாள். 'பாத்தியா, சிரிக்கிறா. அப்புறம் என்ன?' என்கிறார் இவர். தாய்மாமன் நீ ஒருவன்தான். உன்னிடம் கேட்காமல் செய்ய மாட்டாராம். நன்றாக யோசித்து எழுது.

டாக்ஸிப் படமா? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வேறு படம் இருந்தால் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் குடித்துக் குடித்து வயிறு குளமாகிவிட்டது. இருமல் அதில் நீச்சலடிக்கிறது. முட்டிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா?

ஞாபகம் இல்லையா! ஏழு தடவை பார்த்தவள் பேசுகிற பேச்சா இது? ஐந்து தடவை என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாய். இடைவேளையில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்குவாய். எனக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். அந்தப் பஸ் நிறுத்தக் காட்சியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தியேட்டரே விசிலடித்துக் கிழியும்.

வாலு விஷயம் கேட்டு எனக்கு ஒரே சந்தோஷம். ஏழு மாதம்! இந்தக் காலத்தில் ஏழு நிமிஷம் எவன் அக்கா நிற்கிறான்? அப்படியே நம்ம டாக்ஸிக்காரன்தான். அத்தானும் உனக்காக ஆறு மாதம் நின்றவர்தானே. நீங்கள் இரண்டு பேரும் என்ன கெட்டுப் போய்விட்டீர்கள்? உன் கடிதம் வந்த அன்றே அத்தானுக்குப் போன் போட்டு, 'மாமன் சம்மதிச்சாச்சு, மேளத்துக்குச் சொல்லிடுங்க' என்றேன். மனிதர் போனிலேயே அழுதுவிட்டார்.

கழுதை, அந்த வாலுவை ஒரு நாள் என்னோடு பேசச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஃபேன் கெட்டுப்போய், பார்க்க வந்த ஆள் அதைக் கழற்றிக் கொண்டுபோனவன் திரும்பவே இல்லை. டாக்டரிடம் முட்டியைக் காட்டினேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்.

நீ சம்மதம் சொல்லிவிட்டதாக உன் அத்தான் சொன்னார். தெருவுக்கே சொன்னார்.

வாலு இப்போதெல்லாம் வீட்டுக்கு வர இருபது நிமிஷம் கூடுதலாகிறது. வேலை அதிகமா என்று கேட்டேன். இல்லையாம், கட்டிடத்தின் பின் கேட் வழியாக வருகிறாளாம். அந்தப் பக்கம் சுற்று வழி, குப்பை லாரிகள் நிற்கும். நடந்தால் உடம்புக்கு நல்லதாம்.

வேறு விசேஷம் இல்லை. பல்செட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பேசவே இல்லை, விரலால் காட்டினார்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு இருமல் விட்டது. ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. வேலையில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் பிரிவில் ஒருவர் இருக்கிறார். ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவோம், முன்பு டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. நான் எழுதுவதைப் படத்தின் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டுத் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை. காது என்றால் காது, பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் எந்தக் கடை ஊசி என்பார். வாய் அதைவிட நீளம்.

டாக்ஸிப் படத்தில் அந்தப் பஸ் நிறுத்தக் காட்சியை நான் பார்க்காமலே எழுதினேன். மனப்பாடமாயிற்றே என்ற திமிர். 'அவள் கையைப் பிடிக்கிறான். அவள் கையை இழுக்கிறாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள்.' ஆபரேட்டர் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"சார், இந்தப் பொண்ணு நெஜமாவே சிரிக்குதா?"

"ஆமா சார். அதுதானே காட்சியே!"

"எனக்கென்னமோ ஓடி வந்த மூச்சு மாதிரி கேக்குது. சிரிக்கிறவங்க இப்படி மூச்சு விட மாட்டாங்களே. அந்த வயலினைக் கொஞ்சம் கம்மி பண்ணிட்டுப் போடுங்க."

இசையைக் குறைத்துவிட்டுப் போட்டேன். அக்கா, அவள் சிரிக்கவே இல்லை. ஒவ்வொரு பிம்பமாக நிறுத்திப் பார்த்தேன். கையை இழுக்கிறாள், வரவில்லை. அவனைக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். ஒருவர் செய்தித்தாளைப் புரட்டுகிறார். ஒரு அம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். உடனே பாட்டு வந்துவிடுகிறது, பாட்டில் சிரிக்கிறாள், மலையில் ஆடுகிறாள். நிறுத்தத்தில் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை எங்கிருந்து கொண்டுவந்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"படம் அப்படியேதான் இருக்கு சார், நீங்கதான் நடுவுல ஏதோ எழுதிட்டீங்க" என்று ஆபரேட்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 15

அக்கா,

உன் பதில் வர நேரமாகும் என்று தெரியும். பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். நலம் விசாரிக்காததற்கு மன்னித்துவிடு.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். நம் தெருமுனை நிறுத்தத்தில் நீ நின்றிருந்தாய். அத்தான், அப்போது அத்தான் இல்லை, அந்த மஞ்சள் டிரைவிங் ஸ்கூல் காரை நிறுத்திவிட்டு இறங்கி உன் எதிரில் நின்றார். உன் குடை அவர் கையில் இருந்தது. நீ சிரித்தாய் என்று நினைக்கிறேன். மறுவாரம் அவர்கள் வீட்டில் கேட்டு வந்தபோது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'டேய், நீ அவகூடவே சுத்துறவன். உங்கக்காவுக்கு அவரைப் பிடிச்சிருக்கா?' நான், 'அக்கா அவரைப் பாத்துச் சிரிச்சாப்பா' என்றேன். அப்பா நெஞ்சில் கை வைத்து, 'அது போதும்' என்றார். எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு நீ சிரித்தாயா? இல்லை, படத்தை ஐந்து தடவை பார்த்துவிட்டு நானாகச் சொல்லிவிட்டேனா? நான் பொய் சொன்னேனா அக்கா?

இன்னொன்று. வாலு ஏன் பின் கேட் வழியாக வருகிறாள்? முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உன் தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் வந்தது. பத்து நாளாக மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயப்படாதே.

நீ பொய் சொல்லவில்லை. நான் சிரித்தேன்.

ஆறு மாதம் தினமும் அந்த மஞ்சள் கார். காரின் மேலே பெயர்ப்பலகை வேறு, ஊருக்கே தெரியும். நிறுத்தத்தில் நின்ற பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் பஸ்ஸை மாற்றிப் பார்த்தேன், நேரத்தை மாற்றிப் பார்த்தேன். அன்றைக்கு அவர் இறங்கி வந்து என் குடையை வாங்கிக்கொண்டார். 'ஒரே ஒரு தடவை சிரிச்சுடுங்க, போயிடறேன்' என்றார். சுற்றிலும் எல்லோரும் பார்க்கிறார்கள். எப்படியாவது போய்த் தொலையட்டும் என்று சிரித்தேன். சொன்னபடியே குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். அடடே, இவ்வளவு சுலபமா, முன்னாலேயே சிரித்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுவாரம் பெரியவர்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கல்யாணமான முதல் மாதம் அந்தப் படத்துக்குத்தான் கூட்டிப் போனார். ஆறாவது தடவை. அந்தக் காட்சியில் 'நாமதான்' என்று என் கையை அழுத்தினார். அதுவரை நானும் உன்னைப் போல டாக்ஸிக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அடியே, நீ சிரிக்கவே இல்லையேடி, நான்தானே சிரித்துத் தொலைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரமும் போகலாம் என்றார். சரியாகப் பார்த்தேனா என்று பார்க்கவே ஏழாவது தடவையும் போனேன். சரியாகத்தான் பார்த்திருந்தேன். ஆகவே உன் ஆபரேட்டர் கண்டுபிடித்தது எனக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். நீ என் சிரிப்பை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டாய், அவ்வளவுதான்.

உன் அத்தான் கெட்டவர் இல்லை, அதை எழுதிவிடுகிறேன். கை நீட்டியதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூலை மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்தக் கதையை எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்வார். 'ஆறு மாசம் நின்னேன், ஒரு நாள் சிரிச்சா பாருங்க' என்று நிறுத்துவார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அந்த இடத்தில் நான் மறுபடியும் சிரிக்க வேண்டும். மற்றதெல்லாம் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

உன் மேல் அன்றைய கோபம் ஒன்றும் இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை, பார்த்ததைச் சொன்னாய். அப்பா உன்னைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் இப்போது உனக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பாவாவது உன்னை ஒரு வார்த்தை கேட்டார். நீ யாரையும் கேட்காமல் போனில் மேளத்துக்குச் சொல்லச் சொன்னாயே, அதற்கு உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் என்று இருக்கிறது. திட்டியதாக வைத்துக்கொள்.

வாலு அவனுக்குப் பயந்துதான் பின் கேட் வழியாக வருகிறாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. தினமும் கேட்க வாயெடுக்கிறேன். 'நீ மட்டும் அப்பாவை எப்படிக் கட்டிக்கிட்டே?' என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன்? பெற்ற மகளிடம் பேசப் பயமாக இருக்கிறதடா.

ஒன்பது நாள் இருக்கிறது.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். வேறென்ன எழுத.

திட்டியதாக வைத்துக்கொண்டேன். போதாது, நேரில் வந்து மிச்சத்தையும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அத்தானுக்குப் போன் செய்தேன். உன் பெயரை எடுக்கவில்லை. 'என் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கறேன், முதல்ல வாலுவைக் கேளுங்க' என்றேன். 'என்ன மச்சான், பழைய படமாப் பாத்துப் பாத்து மண்டை குழம்பிப்போச்சா? அவதான் சிரிக்கிறாளே' என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். முதல் தடவையாக அவர் முந்திக்கொண்டு போனை வைத்தார்.

அந்தக் காட்சியைத் திருத்தி எழுதிவிட்டேன். 'அவள் கையை இழுக்கிறாள். அவன் விடவில்லை. நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்க்கிறாள். ஒருவர் செய்தித்தாளைப் புரட்டுகிறார்.' நம் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பையோடு நின்றவன் நான்தான் அக்கா. எனக்கு அவமானமாக இருக்கிறது. உன் கூடவே சுற்றியவன் என்று அப்பா சொன்னார், ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வாலுவை நானே கேட்கிறேன். சரி என்று ஒரு வரி போடு, சனிக்கிழமை கிளம்பிவிடுவேன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

வராதே. நீ வந்தால் நான் உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

முட்டி பரவாயில்லை. இருமல் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். உடனே எழுத முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை வாலுவை நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகூட அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றுவிட்டு, தலையணை உறை எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். அவன், அப்பா, அம்மா. மூன்றாம் மாடிக்காரன் பார்க்க அடக்கமாகத்தான் இருந்தான். அந்த அம்மா அதிகம் பேசாதவர். டீ கொடுத்தோம். வாலு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். உடனே உன் அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பையனைப் பாத்தா எனக்கு என்னையே பாக்கற மாதிரி இருக்கு. நான் ஆறு மாசம் நின்னேன். வெயிலாவது மழையாவது! ஒரு நாள் சிரிச்சா பாருங்க..."

நிறுத்தினார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன், மறைப்பானேன். வாய் பாதி போய்விட்டது. அப்போது எதிரில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "பொண்ணுக்கும் அம்மா மாதிரியே சிரிச்ச முகம்" என்றார். திரும்பி வாலுவைப் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த விரல்கள் ஒன்றையொன்று பிடித்து வெளுத்துப் போயிருந்தன.

"நான் பயந்துக்கிட்டுச் சிரிச்சேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. உன் அத்தான், "சும்மா தமாஷ் பண்றா" என்றார்.

"தமாஷ் இல்லைங்க. சிரிச்சா போயிடறேன்னு சொன்னீங்க. போயிடுவீங்கன்னுதான் சிரிச்சேன்."

சொல்லிவிட்டேனா, அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வாலுவிடம், "நீ எதுக்குடி சிரிக்கிறே?" என்று கேட்டேன். இத்தனை பேர் முன்னால் கேட்கிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது.

அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள். "நான் உங்ககிட்ட மூணு தடவை வேண்டாம்னு சொன்னேன். லிஃப்ட் வாசல்ல ஒரு தடவை, கேட் பக்கத்துல ரெண்டு தடவை. ஞாபகம் இருக்கா?"

அவன் அப்பாவைப் பார்த்தான், உன் அத்தானைப் பார்த்தான். "சும்மா பிகு பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றான். "எல்லாரும் மொதல்ல அப்படித்தானே சொல்வாங்க."

"நான் நெஜமாத்தான் சொன்னேன். நாளையிலேருந்து அங்க நிக்காதீங்க."

அந்த அம்மாதான் முதலில் எழுந்தார். எங்களை ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்து, "மூணு தடவை சொல்லுச்சாமே, எங்ககிட்ட ஏன்டா சொல்லல?" என்று வாசல் வரை கேட்டுக்கொண்டே போனார். வெளியே போகும்போது என் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். டீ அப்படியே ஆறிக்கிடந்தது.

மறுநாளிலிருந்து இன்றுவரை அவன் லிஃப்ட் வாசலில் நிற்கவில்லை. வாலு முன் கேட் வழியாக வருகிறாள். முதல் நாள் நான் எதிர் நடைபாதையில் ஒளிந்து நின்று பார்த்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள், 'இப்ப நீ நிக்க ஆரம்பிச்சிட்டியா?' என்று மானத்தை வாங்கிவிட்டாள்.

நான் பயந்த கேள்வியும் வந்தது. அன்றைக்கே, கோப்பை கழுவும்போது. ஆனால் நான் நினைத்த மாதிரி கேட்கவில்லை. "அப்போ நானும் பிடிக்காமத்தான் பொறந்தேனாம்மா?" என்றாள். சோப்பு நுரையோடு அவள் கன்னத்தில் ஒன்று வைத்தேன். "உன்னைப் பெத்துக்கணும்னு சொன்னதே நான்தான்டி. உங்கப்பா ரெண்டு வருஷம் போகட்டும்னார்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். பிறகு ஒரு கோப்பை உடைந்தது.

உன் அத்தான்தான் பேசவில்லை. நாலு நாள். வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். யாரிடமும் எந்தக் கதையும் சொல்லவில்லை. ஸ்கூலில் பழகுகிறவர்களிடம், 'பிரேக்கை அழுத்துங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அங்கே வேலை செய்கிற பெண் வந்து என்னைக் கேட்டாள், சாருக்கு உடம்பு சரியில்லையா என்று. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அன்னைக்குப் பயந்து சிரிச்சே. சரி. அப்புறமாவது என்னைப் பிடிச்சுதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். என் வாய்க்கு அது பழக்கமான வார்த்தைதான். ஆனால் தம்பி, என்னை இதை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். இன்றோடு நாலு நாள் ஆகிறது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா